நாற்பத்தொன்றாம் வரிக்குக் கீழே

வெள்ளை. மறுபடியும் வெள்ளை. நடுவில் இரண்டே வரி. இந்தத் தளத்தில் கடுமையான பிழை ஏற்பட்டுள்ளது, தள நிர்வாகியின் மின்னஞ்சலைப் பார்க்கவும். பார்த்தேன். மூன்று தடவை பார்த்தேன். எவனோ முடி வளர எண்ணெய் விற்கிறான், பிழையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கம்ப்யூட்டரும் பொய் சொல்லப் பழகிவிட்டது. மணி ஒன்று பத்து. ஞாயிற்றுக்கிழமை, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், வெயில் தரையில் ஒரு பட்டையாகக் கிடக்கிறது. மூன்று மணிக்கு அன்னூர்க்காரர் வருகிறார், நாச்சிமுத்து, பெண்ணைப் பெற்றவர். என் பையன் தரணிதரனுக்கு இரண்டாம் தாரமாகக் கொடுக்க இருக்கிற பெண். கடையைப் பார்க்க வருகிறாராம். பார்க்க என்ன இருக்கிறது, இம்பெல்லர், புஷ், சீல், நாற்பது வருஷத்துக் கிரீஸ். அந்த ஆள் முந்தாநாளே பார்த்துவிட்டார், ஃபோனில். திருமூர்த்தி மோட்டார் ஸ்பேர்ஸ் என்று போட்டுத் தேடி, சைட்டைத் திறந்து, கீழே கீழே தள்ளிக்கொண்டு போய்க் கடைசியில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்திருக்கிறார். தளம் செய்தது: பிரவீணா தரணிதரன். பையனின் முதல் தாரம், விவாகரத்தாகிப் போனவள். உடனே தரகரைக் கூப்பிட்டு, தீந்துபோன பொண்ணு பேரு இன்னும் நிக்குதே, ஒட்டு ஏதாச்சும் மிச்சமிருக்குதுங்ளா என்று கேட்டாராம். தரகர் தரணியிடம் சொல்ல, தரணி காலையில் இட்லித் தட்டுக்கு முன்னால் என்னிடம் சொன்னான். சொன்னானா. உத்தரவு போட்டான். "மூணு மணிக்குள்ள அந்தப் பேர எடுத்துருங்ப்பா. அவர் ஏதாச்சும் நோண்டிக் கேட்டா, அவளுக்குக் குடும்பத்துல ஒட்டலைன்னு சொல்லிப்போடுங். கோர்ட்டுல சொன்னாப்டியே." நீயே எடுடா என்றேன். "பாஸ்வேர்டு உங்ககிட்டத்தான இருக்குது. எனக்கா குடுத்துட்டுப் போனா?" என் வீட்டுக்காரி சரஸ்வதி சட்னி ஊற்றிக்கொண்டே, "ஒரு பேருதானுங், அழிச்சா என்ன கொறஞ்சு போவுது" என்றாள். ஒன்றும் குறையாது. சைட்டே போய்விட்டது, அவ்வளவுதான்.

அழித்தேன். சொன்னதைச் செய்கிறவன் நான். பாஸ்வேர்டு போட்டு உள்ளே போனால் தோற்றம் என்று ஒரு வரி, அதற்குள் தீம் கோப்புகளைத் திருத்துகிற இடம். திறந்ததும் எச்சரிக்கை, நேரடியாகக் கை வைக்காதீர்கள், சைட் விழுந்துவிடும் என்று. அதன் கீழே புரிந்தது என்று ஒரு பொத்தான். புரியவில்லை. அழுத்தினேன். எல்லாரும் அப்படித்தான் அழுத்துவார்கள். ஒவ்வொரு கோப்பாகத் தேடி, ஃபங்ஷன்ஸ் என்கிற கோப்பில் அவள் பேரைப் பிடித்தேன். இரண்டு இடம். இரண்டு வரியையும் முழுசாகத் துடைத்துவிட்டுச் சேமி என்றால், முடியாது என்கிறது. நாற்பத்தொன்றாம் வரியில் பிழை, மாற்றம் சேமிக்கப்படவில்லை. எனக்கா சொல்கிறது. இவன் யார் எனக்குச் சொல்ல. முன்வாசலைச் சாத்தினால் பின்வாசல் இருக்கிறது. சைட்டை வைத்திருக்கிற கம்பெனியின் பக்கத்துக்குள் போனால் ஃபைல் மேனேஜர் என்று ஒன்று, அங்கே கேள்வி கேட்க ஆள் இல்லை, யூடியூபில் ஒருவன் வெற்றிலை போட்ட வாய் மாதிரிக் குதப்பிக் குதப்பிச் சொன்னான். போனேன். அதே இரண்டு வரி. அழித்தேன். முனகாமல் சேமித்தது. திரும்பி வந்து பார்த்தால் இந்த வெள்ளை. ஒரு தடவை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது, சொல்லவில்லை என்று சொல்ல முடியாது. சரி. மோட்டார் ஓடவில்லை என்று ஒருவன் தூக்கிக்கொண்டு வந்தால் நான் என்ன செய்வேன். முதலில் சப்ளை. சப்ளை இருக்கிறது, மற்ற சைட்டெல்லாம் திறக்கிறது. அப்புறம் கெப்பாசிட்டர். அப்புறம் வைண்டிங்கில் சீரீஸ் லாம்ப் வைப்பேன், ஒரு பல்ப், இரண்டு ஒயர், தொட்டால் எரிந்தோ எரியாமலோ எங்கே அறுந்திருக்கிறது என்று காட்டிக் கொடுத்துவிடும். இதில் எந்த முனையைத் தொடுவது. எனக்கு லாம்பே வேண்டாம், காது போதும். பேரிங் போனதா, புஷ் தேய்ந்ததா, கிணற்றில் தண்ணீர் இல்லாமல் ஓடுகிறதா, வரப்பில் நின்றே சொல்வேன். பாரம் இருக்கிற மோட்டாருக்கு ஒரு குரல், வெறுமனே ஓடுகிறதற்கு ஒரு குரல். வெறுமனே ஓடினால் குரல் ஏறும், கீச்சென்று, பிடிக்க ஒன்றும் இல்லாமல். சரஸ்வதியின் மிக்ஸி அன்றைக்கு அப்படித்தான். விடு. மணி ஒன்றரை. நாற்பத்தொன்றாம் வரியைப் பார்.

இது எழுத்தா. அடைப்பு, அடைப்புக்குள் அடைப்பு, டாலர், அரைப்புள்ளி. ஆனால் வரிக்கு வரி நிறம் இருக்கிறது, நீலம், சிவப்பு, அங்கங்கே பாசிப் பச்சை. நாற்பத்தொன்றுக்குக் கீழே நிறம் மாறவேயில்லை, கடைசி வரை ஒரே பாசிப் பச்சை, குளம் மாதிரி. அது தப்பு என்று கண்ணுக்குத் தெரிகிறது, ஏன் என்று தெரியவில்லை. மேலே இருக்கிற பச்சையைப் பார்த்தேன். தமிழ். கம்ப்யூட்டர் எழுத்துக்குள் தமிழ். மாமா, இது ஃபோன் நம்பர் வர்ற எடம், நம்பர் மாத்துனா இங்க மட்டும் மாத்துங்க. இது ஒன்பதாவது வரியில். மாமா, இது மேல வர்ற நீலக் கலர், புடிக்காட்டிச் சொல்லுங்க. இருபத்திரண்டில். மாமா, படம் பெருசாத் தெரியலைன்னு திட்டுனீங்கல்ல, இந்த எண்ணைக் கூட்டுங்க. எழுதி வைத்திருக்கிறாள். சைட்டில் தெரியாத இடத்தில், என்றைக்காவது நான் திறப்பேன் என்று. நான்கு வருஷமாகத் திறக்கவில்லை. இன்றைக்குத்தான் திறந்தேன், எதற்குத் திறந்தேன் பார். நாற்பத்தொன்றில்: மாமா, இதுக்குக் கீழ இருக்கறது பூராவும் ஒண்ணோட ஒண்ணு கோத்தது. தெரியாம கை வெச்சுட்டீங்கன்னா பயப்படாம என்னையக் கூப்புடுங்க. திட்ட மாட்டேன். அடுத்த வரியில் அவள் பேர் இருந்தது. அதைத்தான் துடைத்தேன். பேரைத் துடைத்தால் இயந்திரம் ஏன் சாகவேண்டும். மாமியாருக்கும் புருஷனுக்கும் ஒன்றும் ஆகவில்லையே, நன்றாகத்தான் இட்லி தின்கிறார்கள்.

இந்தக் கவுண்டரில்தான் உட்கார்ந்து செய்தாள். கல்யாணமான இரண்டாம் வருஷம். ஒவ்வொரு சாமானையும் வெள்ளை சார்ட்டு அட்டைமேல் வைத்து ஃபோட்டோ எடுப்பாள், பேர் கேட்பாள், நான் எரிந்து விழுவேன். "ரெண்டும் ஒரே மாதிரி இருக்குதுங்ளே மாமா." "ஒரே மாதிரியா? கண்ணு என்ன பொடனிலயா இருக்குது?" சிரிப்பாள். இந்தக் கடையில் என்னைப் பார்த்துச் சிரித்த ஒரே ஆள். எண்ணூறு சாமான். எண்ணூறும் எழுதினாள், ஒன்றுகூடத் தப்பில்லை. தப்பு இருந்தால் நல்லா இருக்கும் என்று தேடியிருக்கிறேன். ஒருநாள் இடது கையால் எடுத்தாள், படம் ஆடியது. வலது மணிக்கட்டில் துணி. என்னாச்சு என்றேன். கதவுல மாட்டிக்கிச்சுங் மாமா என்றாள். எங்கள் வீட்டுக் கதவு எல்லாம் எனக்குத் தெரியும். எந்தக் கதவு என்று கேட்டிருக்கவேண்டும். வால்வு போட்டோ எடு, லைட்டு போறதுக்குள்ள என்றேன். அந்த வாரமா அதற்கு அடுத்த வாரமா, சாயங்காலம், கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறேன். உள்ரூமில் தரணி குரல். அப்புறம் குரல் இல்லை, வேறு சத்தம். சரஸ்வதி சமையல்கட்டில் மிக்ஸியைப் போட்டாள். நின்றது, மறுபடி போட்டாள். தேங்காய் இல்லை, மாவு இல்லை, ஒன்றும் இல்லை. வெறும் ஜார். பிளேடு காற்றைத்தான் அறுக்கிறது. ஊரில் வேறு எவனுக்கும் தெரியாது, எனக்குத் தெரியும், பாரம் இல்லாத மோட்டாரின் குரல் எனக்குத் தெரியும். அவள் எதற்காக அதை ஓட்டுகிறாள் என்றும் தெரியும். அதற்குள்ளே கேட்டதும் கேட்டது. நான் என்ன செய்தேன். பேப்பரைத் திருப்பினேன். அந்தப் பக்கத்தில் ராசிபலன். மோட்டார் காயிலு போயிரும், வெறுமனே ஓட்டாதே என்றாவது சரஸ்வதியிடம் சத்தம் போட்டிருக்கலாம். அதைக்கூட. இரண்டு வருஷத்தில் எத்தனை தடவை அந்த மிக்ஸி வெறுமனே ஓடியது, எண்ணவில்லை, எண்ணவில்லை என்பது பொய், பதினேழு. பதினேழும் கேட்டவனைத்தான் கோர்ட்டில் கூப்பிட்டுக் கேட்டார்கள். ஆலோசனை சொல்கிற அம்மா, கண்ணாடி போட்டவர், மரியாதையாகத்தான் கேட்டார், நீங்க பெரியவங்க, வீட்ல என்ன நடந்துச்சுன்னு நீங்க சொன்னாச் சரியா இருக்கும். எதிர்ப் பெஞ்சில் பிரவீணா. என் முகத்தையே பார்த்தாள், வேறெங்கும் பார்க்கவில்லை. "நான் கடையிலயே கெடக்கறவனுங். எனக்கொண்ணும் தெரியாது. அந்தப் புள்ளைக்குக் குடும்பத்துல ஒட்டலைங்." அப்போது குனிந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் கோபம் வந்திருக்கும், கோபம் வந்திருந்தால் தூக்கம் வந்திருக்கும். பாஸ்வேர்டு எழுதின நோட்டை அந்த வாரம்தான் வக்கீல் மூலம் கொடுத்து அனுப்பினாள். தரணியிடம் கொடுக்கவேண்டாம், மாமாவிடம் கொடுங்கள் என்று சொல்லி. ஒன்று ஐம்பது. சார்ஜ் ஏறவில்லை, ப்ளக் லூசு. எல்லாம் லூசு.

ஃபோன். தரணியாக இருக்கும், எடுத்தாச்சாப்பா என்பான், எடுத்தாச்சு, சைட்டையே எடுத்தாச்சு என்று சொல்லலாம். தரணி இல்லை. நான் அழிக்காத இடம் இன்னும் ஒன்று இருந்திருக்கிறது, இந்த ஃபோனுக்குள். பிரவீணா என்று வருகிறது. நாலு தடவை மணி அடிக்க விட்டேன். ஐந்தாவதில் எடுத்தேன்.

"மாமா, நான் பிரவீணா பேசறனுங்."

"ம்."

"ஃபங்ஷன்ஸ் ஃபைல்ல கை வெச்சீங்ளா?"

எவன் சொன்னான் இவளுக்கு. ஓசூரில் வேலை பார்க்கிறாள் என்று கேள்வி. அங்கிருந்து இந்தக் கடை ஷட்டருக்குள் பார்க்கிறாளா.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மெயில் வந்துச்சுங். சைட்டு உழுந்தா நிர்வாகிக்குத் தானாப் போவும். அந்த எடத்துல இன்னும் என் மெயிலுதான் இருக்குது, யாரும் மாத்தல. எந்த ஃபைலு, எந்த வரி எல்லாம் போட்டிருக்குது. நாப்பத்தொண்ணு."

நிர்வாகி. நான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் பெட்டியில் வராத கடிதம் அவள் பெட்டியில் போய் விழுந்திருக்கிறது. பேரை அழித்த கையோடு, அழித்தேன் என்று அவளுக்கே தாக்கல் போயிருக்கிறது.

"எத எடுத்தீங் மாமா?"

சொல்லாமல் இருக்கப் பார்த்தேன். பழக்கம்.

"பேர."

அந்தப் பக்கம் யாரோ ஸ்டீல் டம்ளரை வைக்கிற சத்தம். அப்புறம் அவள் குரல், அதே குரல், ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"ரெண்டு எடத்துலயுங்ளா?"

"ஆமா."

"முத எடம் சரிங். அது சைட்டுல தெரியற பேரு, எடுத்தா ஒண்ணும் ஆகாது. ரெண்டாவது உங்களுக்கு நான் எழுதுன குறிப்புங். குறிப்ப முடிச்சு என் பேரு போட்டு, பக்கத்துல ஒரு நட்சத்திரம், ஒரு சாஞ்ச கோடு வெச்சிருந்தன். குறிப்பு முடிஞ்சுதுன்னு அதுக்கு அடையாளம். வரியோட எடுத்துட்டீங். இப்ப அது முடியவே இல்லைன்னு நெனச்சுட்டு, கடைசி வரைக்கும் எல்லாத்தையும் குறிப்பாவே படிக்குது. வேல செய்ய அதுக்கு ஒரு வரி மிச்சமில்ல."

"என்ன போடோணும்?"

"நட்சத்திரம், கோடு. பேரு வேண்டாமுங்."

எட்டாம் எண்ணுக்கு மேலே நட்சத்திரம் இருக்கும் என்றாள், ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு அழுத்தச் சொன்னாள். எனக்குத் தெரியும் என்றேன். தெரியாது. அழுத்தினேன். கோடு. நாற்பத்தொன்றுக்குக் கீழே நிறங்கள் திரும்ப வந்தன, ஒரே அடியாக, நீலமும் சிவப்பும். சேமித்தேன். சைட்டைத் திறந்தேன். நீலத் தலைப்பு, வரிசையாக இம்பெல்லர்கள், அவள் எடுத்த படங்கள், வெள்ளை சார்ட்டின் ஓரத்தில் ஒன்றில் அவள் விரல் நுனி. கீழே தள்ளினேன். அடியில் ஒன்றுமில்லை. சுத்தமாக இருந்தது.

"வந்துச்சுங்ளா?"

"வந்துச்சு."

"அந்த மெயிலையும் மாத்திக்கங் மாமா. அமைப்புகள்ல முதப் பக்கத்துலயே இருக்குது. இனிமேலு கெட்டா எனக்கு வரவேண்டாம்."

"அம்மிணி."

"சொல்லுங்."

சொல்லவேண்டியது இருந்தது. பதினேழு என்று சொன்னால் போதும், வேறொன்றும் வேண்டாம், அவளுக்குப் புரியும். எல்லாம் கேட்டுச்சு, அம்மிணி. மூன்று வார்த்தை. எழுபத்திரண்டு வயசில் மூன்று வார்த்தை தூக்க முடியவில்லை.

"சாப்பிட்டியா?"

"ஆச்சுங்," என்றாள். "வெச்சர்றனுங்." வைத்துவிட்டாள்.

திட்டவில்லை. எழுதி வைத்தபடியே திட்டவில்லை. திட்டியிருக்கலாம். சாப்பிட்டியாவாம். கேட்கத் தெரிந்த கேள்வியைப் பார். ரெண்டே கால். மின்னஞ்சலை மாற்றவேண்டும், அமைப்புகள், முதல் பக்கம், திறந்தேன், அவள் முகவரி கட்டத்துக்குள் இருந்தது. கர்சர் அதன் கடைசி எழுத்துக்குப் பக்கத்தில் நின்று மினுக்கியது. கட்டளைக்குக் காத்திருக்கிற வேலைக்காரன். அழி என்றால் அழிக்கும். தரணியும் வருவான், முழுக்கைச் சட்டை போட்டு, அத்தர் அடித்து, ஏனுங் மாமா என்று அன்னூர்க்காரர் காலைத் தொடுவான், நல்லாத் தொடுவான், அந்தக் கை எதற்கும் வளையும். அப்புறம் அவர் கேட்பார், நான் சொல்வேன், குடும்பத்துல ஒட்டலைங். கோர்ட்டுல சொன்னாப்டியே. ஒரு தடவை சொன்னது ரெண்டாம் தடவை சுலபம், பேரிங் போட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு வரும். அப்புறம் ஒரு பெண் வருவாள். சரஸ்வதி ஜாரைக் கழுவி வைப்பாள். நான் பேப்பர் படிப்பேன்.

ஷட்டரைத் தட்டுகிறார்கள். மூன்று ஆகவில்லையே.

"ஏனுங், உள்ள ஆளிருக்குதுங்ளா?" ஒரு வெள்ளை வேட்டி குனிந்து உள்ளே வந்தது. "நாச்சிமுத்துங். அன்னூர். உங்களத் தனியாப் பாத்துரலாம்னு செத்த முன்னாலயே வந்துட்டனுங். மாப்பிள்ள வரதுக்கு முந்தி."

ஸ்டூலைத் தள்ளினேன். துண்டால் தட்டிவிட்டு உட்கார்ந்தார். என் வயசில் பத்து குறைச்சல். கெட்ட முகம் இல்லை. ஃபோனை எடுத்துச் சைட்டைத் திறந்து கீழே தள்ளிப் பார்த்தார், என் எதிரிலேயே.

"பேர எடுத்துட்டீங்ளாட்ட இருக்குது."

"ஆமாங்."

"நல்லதுங். இருந்தாலும் கேட்டுப்போடறன், பொண்ணப் பெத்தவன், தப்பா எடுத்துக்காதீங். அந்தப் புள்ள எதுக்குங் போச்சு?"

வந்துவிட்டது. ஒட்டலைங் என்பது நாக்கு நுனியில் ரெடியாக இருந்தது, வெல்லம் மாதிரி. அதைத் துப்பிவிட்டு வேறு சொன்னேன்.

"என் பையன் அடிச்சானுங். ரெண்டு வருஷம். எனக்குத் தெரியும், எங்கூட்டுக்காரிக்குந் தெரியும். கோர்ட்டுல தெரியாதுன்னு சொன்னனுங். உங்க பொண்ணக் குடுக்காதீங்."

முடிந்தது. பெற்ற பையனைக் கவிழ்த்தாயிற்று. எழுந்திருப்பார், துண்டை உதறுவார், ஷட்டரை உதைத்துக்கொண்டு போவார். போகட்டும். அவர் எழவில்லை. என்னையே பார்த்தார். பிறகு மூச்சை விட்டார், தோள் இறங்கியது, சிரித்தார்.

"அவ்வளவுதானுங்ளா! நான் என்னமோ ஏதோன்னு பயந்து போனனுங். மாப்பிள்ளைக்கு ஒடம்புல கொறையோ, கேஸு இன்னும் இழுத்துட்டுக் கெடக்குதோன்னு. கை நீளறது எந்தூட்டுலதானுங் இல்ல? நானும் எளந்தாரில எங்கூட்டுக்காரிய ரெண்டு வெச்சவன்தான். இப்ப அவ என்னைய மெரட்டறா." தொடையில் தட்டிக்கொண்டார். "பெத்த பையன்னு பாக்காம உள்ளதச் சொன்னீங் பாருங், அது ஒண்ணு போதுமுங். இப்படி ஒரு சம்பந்தி தேடுனாக் கெடைக்குமுங்ளா? எம்பொண்ணு இந்த ஊட்டுக்குத்தானுங்."

நான் சொன்னது நல்ல குணமாகிவிட்டது. என் கணக்கில் வரவாகிவிட்டது. பொய் சொன்னால் கல்யாணம், நிஜம் சொன்னாலும் கல்யாணம். எந்த ஒயரைத் தொட்டாலும் இந்த பல்ப் எரிகிறது. இவரிடம் சொல்லிப் பிரயோசனமில்லை, என்னிடம் நானே சொல்லிக்கொண்ட மாதிரி. தப்பான ஆளிடம் சொல்லிவிட்டேன். சொல்லவேண்டிய ஆள் இவர் இல்லை.

"பொண்ணு பேரென்னங்?"

"கோகிலவாணிங். ஜாதகத்துலயே இருக்குதே, நீங்க பாக்கலீங்ளா?"

பார்க்கவில்லை. தினசரிக் காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்து, பின்பக்கத்தைத் திருப்பிக் கவுண்டரில் வைத்தேன். பேனா எழுதவில்லை, உதறினேன், எழுதியது.

"அந்தப் புள்ள ஃபோன் நம்பரச் சொல்லுங்."

"எதுக்குங்?"

"சொல்லுங்."

"மாமனார் முன்னாடியே பேசற வழக்கமெல்லாம் எங்க பக்கம்..."

"வழக்கத்த யாருங் கேட்டா? நம்பர்."

கேட்ட வேகத்தில் அவருக்கு வாய் தானாக வந்துவிட்டது. "தொண்ணூத்தி நாலு, நாப்பத்தி ரெண்டு..." என்றவர் நின்றார். சிரிப்பு பாதி இன்னும் முகத்தில் இருந்தது, எங்கே போவது என்று தெரியாமல். வெளியே தரணியின் புல்லட் சத்தம் தெருமுனையில் திரும்பியது. நாலு எண்ணை எழுதிவிட்டுப் பேனாவை எடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் ஆறு.